பிளக்குக்கு வைத்த பொட்டு

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு கார் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புகிறார்கள். அது பாதி வழியில் சித்தியை இறக்கிவிட்டு டவுன் பஸ்ஸில் அனுப்பிய கார் என்று சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். எங்களுக்கு ஊர் கரிக்கலாம்பாக்கம். அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தப்பா சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். வில்லியனூரில் யாரோ ஒருவர் பல காலம் ஓட்டிவிட்டு அலுத்துப்போய் விற்ற காரை ஆசைப்பட்டு வாங்கிவந்தார். பால்கோவா நிறம். பின்பக்கத்து இடது கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே இருப்பவர் யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சித்திக்கு வளைகாப்பு முடிந்து அவரைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனபோதுதான் அந்த அவமானம் நடந்தது. தாய்வீடு சோரியாங்குப்பம். பாகூர் ஏரிக்கரையில் கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. முழங்கை வரை வளையலோடு சித்தி வெயிலில் நின்றார். பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இடம் போட்டுக் கொடுத்தார். அங்கே ஆரத்தித் தட்டோடு காத்திருந்தவர்களுக்கு முதலில் பெண் வந்து சேர்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை, ஆறு பேரோடு காரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

சித்தியின் அப்பா அன்றிலிருந்து சித்தப்பாவோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. மரியாதை குறையவில்லை, இலையில் எல்லாம் விழும். ஆனால் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவார். "சாம்பார் போதுமான்னு கேளு" என்பார். கேட்க வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் குழந்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். மாலை நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் குழந்தை எங்கள் வாசல்படி ஏறிவிட வேண்டும். சித்தியின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்: அந்த வண்டியில் என் பேத்தியை ஏற்ற மாட்டேன், தெருவில் ஒரு வேனைச் சொல்லி வைத்திருக்கிறேன். சித்தப்பா பதில் சொல்லி அனுப்பினார்: ஒரே ஒரு தடவை பாருங்கள். வண்டி தானாக வந்து உங்கள் வாசலில் நிற்கும், யாரும் தள்ளாமல் கிளம்பும். கிளம்பாவிட்டால் வேனிலேயே அனுப்புங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

என் பெண்ணை என் வண்டியில் நான் அழைத்து வருவேன் என்று அவர் எங்கள் தெருவிலும் சொல்லி வைத்திருந்தார். ஆகவே தோற்றால் இரண்டு ஊரில் தோற்க வேண்டும்.

கார் ஏன் மக்கர் செய்கிறது என்று சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார். பிளக். அது என்ன என்று தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிய வேண்டும். யாராவது உள்ளே போய்த் தீக்குச்சி கிழிக்க முடியுமா? அந்த வேலையைத்தான் பிளக் செய்கிறது. அதன் அடியில் நகம் போல வளைந்த ஒரு கம்பி இருக்கும். அதற்கும் நடுக்கம்பிக்கும் இடையில் கொஞ்சம் சந்து. அந்தச் சந்தில் பொறி தாவும், பெட்ரோல் எரியும், வண்டி ஓடும். சந்தில் கரி பிடித்துவிட்டால் பொறி வராது. சித்தப்பாவின் காரில் நான்கு பிளக். நான்குமே கரி பிடித்து அடுப்புக்கட்டை போல இருந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது நான்கு புது பிளக் வாங்கி வந்தார். மெக்கானிக்கிடம் விட்டால் இரண்டு நாள் ஆகும், நானே மாட்டுகிறேன் என்றார். அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். எனக்கு அது ஒரு குட்டி மனிதன் மாதிரி தெரிந்தது. வெள்ளை வெளேர் என்று சட்டை, இடுப்பில் இரும்புப் பட்டை, கீழே ஒற்றைக் கால். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா இது, பல்லு கணக்கா பளபளங்குது" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க அம்மா பாப்பாவுக்காக மை கூட்டிக்கொண்டிருந்தார். விளக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, தட்டில் படியும் கரியைச் சுரண்டி, கொட்டாங்கச்சியில் போட்டு இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். பாப்பாவின் கன்னத்தில் எதற்குப் பொட்டு என்றேன்.

"புதுசா அழகா எது வந்தாலும் கண்ணு படும்டா."

"அப்ப உள்ளங்கால்ல எதுக்குமா?"

"கன்னத்துல வச்சது அழிஞ்சிடும். கால்ல வச்சது யாரு கண்ணுக்கும் தெரியாது, அது பாட்டுக்கு வேல செய்யும்."

இது எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது. பள்ளிக்கூடப் பாடம் எதுவும் இப்படிப் பதிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா குளித்து, விபூதி பூசி, பானெட்டைத் திறந்தார். நான்கு பிளக்கையும் துண்டு விரித்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் சந்திலும் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை விட்டு அளவு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தோ பாரு. இந்தச் சந்துல கை வச்சே, முடிஞ்சிது கத. மயிரிழை மாறுனாலும் வண்டி ஓடாது. புரிதா?" என்றார்.

எனக்குப் புரிந்தது வேறு. இவ்வளவு பெரியவர் இவ்வளவு பயப்படுகிறார் என்றால், கண் படக்கூடிய இடம் அந்தச் சந்துதான். அதுதான் பிளக்கின் உள்ளங்கால்.

சித்தப்பா பிளக் ஸ்பேனரைத் தேடி உள்ளே போனார். நான் ஓடிப்போய் கொட்டாங்கச்சியிலிருந்து ஒரு விரல் மை எடுத்துவந்தேன். கம்பியை அசைக்கவில்லை. அதில் நான் கவனமாகத்தான் இருந்தேன். சந்து நிறைய, மெதுவாக, பாப்பாவுக்கு வைப்பது போலவே வைத்தேன். இரண்டாவது பிளக்கை எடுப்பதற்குள் சித்தப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. விரலை டிராயரில் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றேன். மூன்று பிளக்குக்குப் பொட்டு இல்லையே என்றுதான் எனக்குக் கவலை.

சித்தப்பா முறையாகத்தான் மாட்டினார். ஒயர் மாறிவிடக் கூடாது என்று ஒரு நேரத்துக்கு ஒன்று. பழையதைக் கழற்றுவதற்கு முன் சுற்றிலும் உள்ள தூசியை வாயால் ஊதினார். புதியதைக் கையாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பேனரால் ஒரு பிடி பிடித்தார். நான் பொட்டு வைத்த பிளக் நாலாவதாகப் போனது. நேராக நிமிர்த்தி வைத்து இறக்கியதால் அதன் உள்ளங்காலை அவர் பார்க்கவில்லை.

சாவியைத் திருப்பினார். கார் கிளம்பியது. ஆனால் விக்கல் எடுத்தவன் நெல் தூற்றுவது போல ஒரு ஆட்டம்.

அம்மா வெளியே வந்து பார்த்தார். "பழச வச்சினு இருந்தப்பகூட இப்டி ஆடலியே தம்பி."

"புதுசு இல்ல அண்ணி, ஓட ஓட செட்டாயிடும்" என்றார் சித்தப்பா. சொன்னவர் நான்கு ஒயரையும் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. புது சாமானில் கோளாறு இருக்காது என்பது அவர் நம்பிக்கை. எனக்கு மட்டும் காரணம் தெரிந்தது. பொட்டு இல்லாத மூன்றும் படுத்துவிட்டன, நான் பொட்டு வைத்த ஒன்றுதான் காரை இழுக்கிறது.

வாசலில் தோரணம் கட்ட அப்பா நின்றுவிட்டார். சித்தப்பாவும் அம்மாவும் நானும் கிளம்பினோம். அம்மாவின் மடியில் பூவும் பழமும் லட்டும் வைத்த தட்டு. கார் ஆடிய ஆட்டத்தில் லட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தன. பாகூரைத் தாண்டும்போது ஒன்று உதிர்ந்தே போய்விட்டது. அதை நான் வீணாக்கவில்லை.

ஏரிக்கரை வந்தது. முன்பு நின்ற இடம் வந்தபோது சித்தப்பா ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். அம்மா உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டார். நான் மனசுக்குள் நாலாவது பிளக்கிடம், இழுடா இழுடா என்றேன். கார் நிற்கவில்லை.

சோரியாங்குப்பத்தில் சித்தியின் வீட்டு வாசலில் அது தானாகப் போய் நின்றது. பாதி பந்தயம் ஜெயித்தாயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு வேன் நின்றது. அதன் டிரைவர் சக்கரத்தின் மேல் கால் வைத்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்தது. மணி மூன்று. அம்மாதான் முதலில் எழுந்து, "நேரம் ஆவுது" என்றார். சித்தியின் அப்பா வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம், "வண்டிய எடுக்கச் சொல்லும்மா, பாப்போம்" என்றார். வண்டியை எடுக்க வேண்டியவர் அவருக்கு இரண்டடி தூரத்தில்தான் நின்றார்.

சித்தப்பா சாவியைத் திருப்பினார். கார் கனைத்தது, நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி கனைத்தது. மூன்றாம் தடவை ஒரு குலுங்கு குலுங்கி, பின்னால் புகையைத் துப்பிவிட்டு அடங்கியது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"தள்ளலாமாண்ணா? போன தடவ ஆறு பேரு. இப்ப எட்டு பேரு இருக்கோம்" என்றான் ஒருவன்.

வேன் டிரைவர் கடலைத்தோலை ஊதினார். "நீ சும்மா இருடா. அவருக்கே நோவுது."

சித்தப்பா இறங்கி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பானெட்டைத் திறந்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் பிளக்குகளைக் கழற்றத்தான் போகிறார். கழற்றினால் மீதி மூன்றுக்கும் பொட்டு வைத்துவிடலாம். உள்ளே ஓடினேன். சித்தி பாப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டு, மை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளங்காலில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. காது வாசலில் இருந்தது. நான் டப்பாவில் விரலை விட்டதை அவர் கவனிக்கவில்லை.

மையோடு விரலை மடக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நான்கு பிளக்கும் துண்டின் மேல் வரிசையாக இருந்தன. மூன்று வெளுப்பாக இருந்தன. நாலாவது மட்டும் எண்ணெயும் கரியுமாக, மழையில் நனைந்த காக்கை மாதிரி. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

சித்தியின் அப்பா இருபது வருஷம் வயலில் ஆயில் இன்ஜின் ஓட்டியவர். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் அம்மாவிடம் சொன்னார்.

"இன்ஜின் உள்ள ரிங்கு தேஞ்சி போயிடுச்சுன்னு சொல்லும்மா. ஆயிலு மேல ஏறுது. காலையில போட்ட புது பிளக்கு இப்டி ஆவுதுன்னா இன்ஜினே காலி. இத இனிமே இரும்புக் கடைக்குதான் எடுத்துனு போவணும்."

யாரும் சிரிக்கவில்லை. தள்ளலாமா என்று கேட்டவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ஏனென்றால் பெரியவர் சொன்னது குத்தல் பேச்சு இல்லை, இன்ஜின் தெரிந்தவர் சொன்ன தீர்ப்பு. சித்தப்பாவுக்கும் அது தெரியும். "பாப்பாவ வேன்லயே ஏத்துங்க அண்ணி" என்றார் மெதுவாக. வேன் டிரைவர் கடலையை மடித்துப் பையில் வைத்தார். சித்தப்பா, கை சும்மா இருக்க முடியாமலோ என்னவோ, ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்து அந்த நாலாவது பிளக்கைத் துடைக்க எடுத்தார்.

என்னால் தாங்க முடியவில்லை.

"தொடைக்காத சித்தப்பா. அது ஒண்ணுதான் நல்லா இருக்குது."

"இன்னாடா நல்லா இருக்குது? கரி அப்பிக் கெடக்குது."

"கரி இல்ல சித்தப்பா, அது மை. திருஷ்டிப் பொட்டு. நாந்தான் வச்சேன்." விரலை நீட்டினேன். "மீதி மூணுக்கும் இதோ எடுத்தாந்திருக்கேன்."

எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள். பிறகு பிளக்கைப் பார்த்தார்கள். மறுபடி விரலைப் பார்த்தார்கள். சித்தப்பா பிளக்கின் கரியைத் தன் கட்டைவிரலில் தொட்டு, என் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கருப்பு.

"எங்கடா வச்சே?"

"உள்ளங்கால்ல."

வீட்டுக்குள்ளிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தி கதவோரம் நின்றிருந்தார். சிரித்த சிரிப்பில் பாப்பா குலுங்கியது. அடுத்து வேன் டிரைவர். அப்புறம் தெருவே சிரித்தது. சித்தப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் என் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினார். "வுடுங்க அண்ணி, வுடுங்க. ரிங்கு நல்லாத்தான் இருக்குது" என்று சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பொட்டு வைத்ததற்குப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சித்தியின் அப்பா சிரிக்கவில்லை. பிளக்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். "கொண்டு போய்க் குடு" என்றார். கொடுத்தேன். சித்தப்பா பெட்ரோலில் தோய்த்து, சந்து சந்தாகத் தேய்த்து, ஊதி, ஆக்ஸா பிளேடு விட்டுப் பார்த்து, நான்கையும் மாட்டினார். நாலாவதை மாட்டும்போது சித்தி பாப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மூன்றரைக்குச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. விக்கலும் இல்லை, ஆட்டமும் இல்லை. தையல் மிஷின் போல ஓடியது. "அப்ப நான் கெளம்பட்டுமா?" என்று வேன் டிரைவர் பொதுவாகக் கேட்டார். தட்டிலிருந்து அம்மா கொடுத்த இரண்டு லட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

சித்தியும் அம்மாவும் பாப்பாவோடு பின்னால் ஏறினார்கள். நான் முன்னால், சித்தப்பாவுக்குப் பக்கத்தில். சித்தியின் அப்பா வெளியே நின்று இடது கதவை அழுத்திச் சாத்தினார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மை டப்பாவைக் கேட்டார். பேத்தியின் உள்ளங்காலில் தன் கையால் ஒரு பொட்டு வைத்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். அந்த விரலைத் துடைக்காமலே நடந்து காரின் முன்பக்கம் வந்தார். செருப்பு வார் அறுந்தவர் போலக் குனிந்தார். முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்பக்கம், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்ததால் பார்த்துவிட்டேன். சித்தப்பா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவரும் பார்த்திருக்க வேண்டும். பெரியவர் நிமிர்ந்து, விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டு, என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"பாத்து ஓட்டுங்க மாப்ள" என்றார்.

அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை. நேராக அவரிடமே சொன்னார்.

அந்த நிமிஷம் ஒரு விசித்திரம் நடந்தது. அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்த கார், சித்தப்பா கிளட்சை எப்படி விட்டாரோ, ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோனது. சித்தப்பா முன்கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு சாவியைத் திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது. யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. நாலு மணிக்கெல்லாம் பாகூரைத் தாண்டிவிட்டோம், நாலே காலுக்குப் பாப்பா எங்கள் வாசல்படி ஏறிவிட்டது.

இன்ஜின் தெரிந்த ஒரு பெரியவர் அத்தனை பேருக்கும் தெரியாமல் காருக்கு ஏன் மை வைத்தார், அதுவரை ஒழுங்காக ஓட்டிய சித்தப்பா ஏன் கிளட்சை விட்டார் என்பதெல்லாம் எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. வழியெல்லாம் ஜன்னலில் தொங்கியபடி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் வைத்த பொட்டு அப்போது இன்னும் காய்ந்திருக்காது, அதனால்தான் வண்டி அணைந்துவிட்டது என்று உறுதியாக நம்பினேன்.